கொட்டகை ஒன்றல்ல, தோண்டுவதும் ஒன்றல்ல

உங்கள் வீட்டில் மாடு கட்டும் இடத்தை என்னவென்று சொல்வீர்கள்?

ஆர்.கே.பேட்டையில் ஒரு டீக்கடையில் அமர்ந்திருந்த நான்கு பேரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டேன். ஒருவர் 'கொட்டாய்' என்றார். இன்னொருவர் வீட்டில் தெலுங்கு பேசுபவர், 'கொட்டம்' என்றார். மூன்றாமவர் இளைஞர், 'ஷெட்' என்றார். நான்காமவர் சிரித்துவிட்டு, "மாடே இல்லீங்களே, இடத்துக்கு எதுக்குப் பேரு?" என்றார்.

எங்கள் பகுதிக்குச் சொற்களில் பஞ்சமே கிடையாது. 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த மண் இது. திருத்தணி வட்டாரத்தோடு தமிழ்நாட்டில் இணைந்தது. இன்றும் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் புழங்கும். ஒரு வரப்பின் இந்தப் பக்கம் 'தோண்டு' என்றால் அந்தப் பக்கம் 'தவ்வு' என்பார்கள். அப்படிப்பட்ட ஊரிலேயே இப்போது விலங்கு தங்கும் இடம் எல்லாம் 'ஷெட்', மண்ணைத் தொடும் வேலை எல்லாம் 'தோண்டுவது' என்று இரண்டே சொற்களில் வந்து நிற்கிறது. சொல் குறைந்தால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். நஷ்டம் நம் வயலிலும் ஏரியிலும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஒவ்வொரு பெயரும் ஒரு கட்டுமானம்

முதலில் கால்நடையின் வீட்டைப் பார்ப்போம்.

தொழுவம் என்பது மாடுகளைக் கட்டி வைக்கும், கூரை வேய்ந்த இடம். நகரத்துப் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் கிறிஸ்துமஸ் குடிலில்தான் அறிமுகம் ஆகிறது. ஆனால் இது மிகப் பழைய சொல். கலித்தொகையின் முல்லைப் பாடல்களில் ஏறு தழுவுவதற்காகக் காளைகளை விடும் இடத்தின் பெயரும் தொழுதான். கொட்டில் என்றால் சிறிய கூரை. வடமாவட்டத்துக் 'கொட்டாய்' கொட்டகையின் பேச்சு வடிவம். மாட்டுக்கும் சினிமாவுக்கும் ஒரே கொட்டாய்தான். கொங்குப் பக்கம் போனால் கட்டுத்தரை என்பார்கள்.

பட்டி என்பது வேறு. அதற்குக் கூரை கட்டாயமில்லை, அடைப்புதான் முக்கியம். முள்ளோ மூங்கிலோ வைத்துச் சுற்றி அடைத்து, ஆட்டையோ மாட்டையோ கட்டாமல் அவிழ்த்து விடும் திறந்த இடம். பட்டியை ஒட்டி வளர்ந்த குடியிருப்புகளே தென்மாவட்டங்களில் 'பட்டி' என்று முடியும் ஊர்கள் ஆயின. பயிரில் மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைக்கும் இடத்துக்கும் பட்டி என்றே பெயர். 1871-ல் வெள்ளையர் கொண்டுவந்த கால்நடை அத்துமீறல் சட்டத்துக்குப் பிறகு அது 'பவுண்டு' ஆனது. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே அடைப்புக்குத் 'தொட்டி' என்று பெயர். 'பட்டிதொட்டி எங்கும்' என்று மேடையில் பேசுகிறோமே, அந்தத் தொட்டியும் தண்ணீர்த் தொட்டியாக இல்லாமல் இந்தத் தொட்டியாக இருக்கலாம்.

கிடை என்பது இடம் மாறும் பட்டி. இன்று இவர் வயல், நாளை அடுத்தவர் வயல் என்று ஆடுகளை இரவில் மடக்கி வைப்பது. அங்கே வீடு ஆட்டுக்கு, எரு நிலத்துக்கு. கி.ராஜநாராயணன் தன் குறுநாவல் ஒன்றுக்குக் 'கிடை' என்றே பெயர் வைத்தார். நம் மாவட்டத்தில் மெட்ராஸ் சிவப்பு ஆடு வைத்திருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அறுவடை முடிந்த நெல் வயல்களில் வாத்து மேய்க்க வருகிறவர்கள் வலையையோ தட்டியையோ சுற்றிக் கட்டி இரவைக் கழிப்பதும் ஒரு வகைக் கிடைதான்.

கோழியைக் கவிழ்த்து மூடும் கூடைக்குத் தெற்கே பஞ்சாரம், மேற்கே கொடாப்பு. குதிரைக்கு லாயம். கிளிக்கும் ஆந்தைக்கும் மரப்பொந்து. எலிக்கும் நண்டுக்கும் வளை. கரையான் எழுப்புவது புற்று. பாம்பு அதில் வாடகை தராமல் குடியேறும் விருந்தாளி.

இவை வெறும் பெயர்ப் பட்டியல் இல்லை. கூரை உண்டா, அடைப்பு உண்டா, இடம் மாறுமா, எரு எங்கே சேரும் என்ற நான்கு கேள்விகளுக்கும் பெயரிலேயே பதில் இருக்கிறது.

இரண்டும் சேர்ந்ததுதான் வீடு

கால்நடை அறிவியல் இன்று பரிந்துரைக்கும் அளவைப் பாருங்கள். ஒரு பசுவுக்குக் கூரையின் கீழ் 3.5 சதுர மீட்டர், திறந்த வெளியில் 7 சதுர மீட்டர். எருமைக்கு 4, 8. அதாவது கூரை ஒரு பங்கு என்றால் வெட்டவெளி இரண்டு பங்கு. இதைத் தளர்வுமுறைக் கொட்டகை என்று பயிற்சி வகுப்பில் சொல்கிறார்கள். நம் பாட்டனிடம் கேட்டிருந்தால், "தொழுவமும் வேணும், பட்டியும் வேணும்" என்று ஒரே வரியில் முடித்திருப்பார்.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் தனிநபர்களுக்கு மாட்டுக் கொட்டகைகள் கட்டித் தரப்பட்டன. நல்ல உதவி, குறை சொல்ல மாட்டேன். மழையில் நனைந்த மாடுகள் கூரைக்குள் வந்தன. ஆனால் 'கொட்டகை' என்ற ஒற்றைச் சொல்லை மனதில் வைத்துக் கட்டினால் கூரையும் தளமும்தான் கிடைக்கும், பட்டி கிடைக்காது. பல வீடுகளில் சிமென்ட் தளத்தில் குட்டைக் கயிற்றில் நாள் முழுதும் நிற்கிற கறவை மாட்டைப் பார்க்கிறேன். குளம்பு தேய்ந்து முழங்கால் புண்ணாகிறது. பக்கத்திலேயே மூங்கில் தட்டியால் அடைக்கக்கூடிய காலி இடம் கிடக்கும். அதற்குப் பெயர் மறந்து போனதால் பயனும் மறந்து போனது.

பழைய சொல் உயிரோடு இருந்தால் புதிய முறை எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. பரண்மேல் ஆடு வளர்ப்பு. தரையிலிருந்து உயர்த்தி, இடைவெளி விட்டுச் சட்டங்களை அடித்து, புழுக்கை கீழே விழும்படி அமைக்கும் கொட்டகையை யாரோ ஒருவர் 'பரண்' என்று அழைத்தார். தினைப்புனக் காவல் காலத்திலிருந்து நமக்குத் தெரிந்த சொல். கேட்டவுடனே உருவம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, விளக்கப்படம் தேவைப்படவில்லை.

ஏரி, தொழுவம், வயல்

இப்போது தொழுவத்தின் தரைக்கு வருவோம். ஒரு மாடு கழிக்கும் தழைச்சத்தில் ஏறக்குறைய பாதி கோமியத்தில்தான் இருக்கிறது. சாம்பல் சத்தில் பெரும்பகுதியும் அதில்தான். சாணியைப் பொறுக்கிக் குப்பையில் சேர்த்துவிட்டு கோமியத்தைத் தெருவில் விடுகிறவர், பாதி உரத்தைத் தெருவுக்குப் போடுகிறார்.

மண் தரைத் தொழுவத்தில் இதற்கு எளிய வழி இருந்தது. கோடையில் ஏரி வற்றியதும் வண்டல் மண் ஓட்டி வந்து தொழுவத்தில் பரப்புவார்கள். மாடு நின்று, மிதித்து, கோமியம் ஊறிய அந்த மண்ணைப் பிறகு வெட்டி எடுத்து வயலுக்குப் போடுவார்கள். மறுபடி புது வண்டல் பரப்புவார்கள். ஏரியின் அடிமண் தொழுவம் வழியாக வயலுக்கு வந்தது. ஏரிக்கும் கொள்ளளவு கூடியது. சிமென்ட் தளம் போட்டவர்கள் சரிவும் வடிகாலும் வைத்து ஓரத்தில் ஒரு குழியில் கோமியத்தைப் பிடித்தால் அதே பலன் கிடைக்கும். தளம் எதுவானாலும் கோமியம் வீணாகக் கூடாது என்பதே கணக்கு.

இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி ஏரி. அது அறுந்த கதையைத்தான் இனிச் சொல்லப் போகிறேன். அதற்கு முன் தோண்டும் சொற்களைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

மண்ணைத் தொட எத்தனை விதம்

கோழி கிளறும். பன்றி கிண்டும். எலி குடையும். களைக்கொட்டால் கொத்துகிறோம். மண்வெட்டியால் வெட்டுகிறோம். கடப்பாரையால் குழி பறிக்கிறோம். கிணறு தோண்டுகிறோம். கால்வாயைத் தூர் வாருகிறோம். வேர்க்கடலையை ஈரம் இருந்தால் பிடுங்குகிறோம், நிலம் இறுகிவிட்டால் கொத்தி எடுக்கிறோம். எங்கள் ஊர் நெசவாளி கால் வைப்பதற்குத் தரையில் பறித்தது தறிக்குழி. வள்ளுவர் நிலத்தை வெட்டுவதை அகழ்தல் என்றும், மணற்கேணியில் தோண்டுவதைத் தொடுதல் என்றும் சொன்னார். தொடுதல் வழக்கொழிந்தது. அகழ்தல் அகழாய்வில் பிழைத்துக் கிடக்கிறது.

அந்த அகழாய்வும் நம் மாவட்டத்துச் சொத்துதான். பள்ளிப்பட்டு வழியாக வரும் கொசஸ்தலை ஆறு பூண்டி ஏரியில் சேர்கிறது. அந்தப் பள்ளத்தாக்கில் உள்ள அத்திரம்பாக்கத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டார்கள். சாந்தி பப்புவின் குழு 1999 முதல் அங்கே அகழ்ந்து, சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையை 2011-ல் உலகுக்குச் சொன்னது. ஒவ்வொரு அடுக்காக, மண்ணின் நிறம் மாறும் இடத்தைக் குறித்துக்கொண்டு இறங்குவது அவர்கள் முறை. எந்த அடுக்கில் நிற்கிறோம் என்று தெரியாமல் மேற்கொண்டு தோண்டக் கூடாது என்பதுதான் அந்தத் தொழிலின் முதல் பாடம். ஏரிக்கும் அதுவே பாடம்.

இதை நன்றாகத் தெரிந்த இன்னொருவரும் நம்மிடையே இருக்கிறார்கள். இருளர்கள். நெல் வயல் வரப்பில் எலி வளையைப் பார்த்தால் அவர்கள் எடுத்தவுடன் கடப்பாரையைப் போட மாட்டார்கள். வளை வாயில் குவிந்த மண் புதியதா பழையதா, எலி உள்ளே இருக்கிறதா, தப்பி ஓடுவதற்கு வைத்திருக்கும் வேறு வாய் எங்கே என்று பார்ப்பார்கள். மற்ற வாய்களை அடைப்பார்கள். பானையில் வைக்கோல் போட்டு மூட்டி வளைக்குள் புகை ஊதுவார்கள். அதன் பிறகுதான் தோண்டுவார்கள். எலியும் கிடைக்கும், அது சேர்த்து வைத்த நெற்கதிரும் கிடைக்கும். விஷம் இல்லை, செலவு இல்லை. ஒரே சொல்லான 'வளை'க்குள் அவர்கள் ஒரு வீட்டு வரைபடமே வைத்திருக்கிறார்கள்.

எங்கள் ஏரியில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கிராம ஏரியை 'ஆழப்படுத்தும்' வேலை வந்தது. ஊர்ப் பெயரும் வேலை எடுத்தவர் பெயரும் வேண்டாம். தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். ஆழமானால் தண்ணீர் கூட நிற்கும், யாருக்குக் கசக்கும்?

பொக்லைன் இயந்திரங்கள் இறங்கின. லாரிகள் வரிசையில் நின்றன. மேலே இருந்த வண்டல் ஒரு ஓரமாகத் தள்ளப்பட்டது. அதற்குக் கீழே இருந்த சவுடு மண் ஊரைத் தாண்டிப் போனது. சாலைக்கும் மனைக்கும் நிரப்ப ஏற்ற மண் அது. சென்னை வளர வளர நம் மாவட்டத்து மண்ணுக்குக் கிராக்கி என்பது உங்களுக்கும் தெரியும். வேலை முடிந்தபோது ஏரிக்குள் வீட்டு உயரத்துக்குப் பள்ளங்கள். நாங்கள் மகிழ்ச்சியாகத்தான் இருந்தோம்.

மழை வந்தது. ஏரியும் பிடித்தது. தை கடந்ததும் மதகில் தண்ணீர் நின்றுவிட்டது. ஏரிக்குள் போய்ப் பார்த்தால் பள்ளங்களில் தண்ணீர் பளபளவென்று நிற்கிறது. வயலில் நெல் பால் பிடிக்கும் நேரம். கண்ணெதிரே தண்ணீர், ஆனால் வாய்க்காலுக்கு ஏறாது. மோட்டார் வைத்து இறைத்தவர்கள் பிழைத்தார்கள். என்னைப் போன்றவர்களுக்குப் பாதிதான் மகசூல். பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி ஒன்று தண்ணீர் குடிக்கப் போய், செங்குத்தான பள்ளத்தில் வழுக்கி மூழ்கிப் போனது. அந்தப் பள்ளத்தில் பிள்ளைகள் குளிக்கப் போகாமல் இருக்க இன்றுவரை கோடை முழுதும் ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்துக்கொள்கிறோம்.

காரணம் எளிது. ஏரி நீர் வயலுக்கு வருவது மதகு வழியாக, தானாக ஓடி. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்த நீர் மதகு ஏறாது. அங்கே நிற்கும் நீர் கொஞ்சம் நிலத்தடிக்குப் போகலாம், மாடு குடிக்கலாம். பாசனத்துக்கு அது கணக்கில் இல்லை. அது மட்டுமா? தண்ணீரைத் தாங்கி நிற்கும் களிமண் அடுக்கை உடைத்துவிட்டால் ஏரி சீக்கிரமே வற்றவும் வழியுண்டு. கரையின் அடியை ஒட்டி வெட்டினால் கரையே பலவீனமாகும்.

நாங்கள் கேட்டிருக்க வேண்டியது ஆழப்படுத்துதல் அல்ல, தூர் வாருதல். தூர் என்றால் வந்து படிந்தது. வாருதல் என்றால் படிந்ததை மட்டும் வழித்து எடுப்பது. எங்கே நிறுத்த வேண்டும் என்ற அளவு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தெலுங்கிலும் இதற்குத் தனிச் சொல் உண்டு: 'பூடிக்க தீத்த'. வந்து மூடியதை எடுப்பது. 'ஆழப்படுத்துதல்' என்ற சொல்லுக்கு அடி கிடையாது. அடி இல்லாத சொல்லில் கையெழுத்துப் போட்டோம், அடி இல்லாத பள்ளம் கிடைத்தது.

அரசு விதி பிரித்துத்தான் சொல்கிறது

1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் களிமண், வண்டல், சவுடு, கிராவல் ஆகியவற்றைத் தனித்தனிப் பெயர் சொல்லியே பேசுகின்றன. 2017-ல் குடிமராமத்து மீண்டும் தொடங்கியபோது, விவசாயிகள் ஏரி வண்டலைக் கட்டணமில்லாமல் எடுக்க வழி செய்யப்பட்டது. அன்று சொன்ன அளவு: நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டர். 75 கன மீட்டர் என்பது ஏறத்தாழ 26 யூனிட். ஒரு டிராக்டர் டிப்பருக்கு ஒரு யூனிட் என்று வைத்தால் 26 நடை. எங்கள் செம்மண் காட்டுக்கு அது பெரிய வரம். தண்ணீர் நிற்காத நிலம் ஈரம் பிடிக்கும்.

ஆனால் வண்டல் எது, சவுடு எது என்று கையில் எடுத்துச் சொல்லத் தெரிந்தவர் கரையில் நிற்க வேண்டும். நைசான வண்டல் கரையை ஒட்டிய தாழ்வான பகுதியில் படியும். வரத்துக் கால்வாய் வாயில் மணலும் கரடும்தான் கிடக்கும். ஈரத்தில் பிடித்தால் வண்டல் உருண்டையாகும், விரலில் வழுவழுவென்று ஒட்டும். சவுடு நெறுநெறுக்கும். நெறுநெறுக்கத் தொடங்கியதும் வேலையை நிறுத்தச் சொல்ல வேண்டும். எங்கள் ஏரியில் அப்படிச் சொல்ல ஆள் இல்லை. இருந்த பெரியவர்களையும் நாங்கள் கேட்கவில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

பழைய சொற்களைச் சட்டம் போட்டு மாட்டி வைக்கச் சொல்லவில்லை. வேலைக்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

அடுத்த கிராம சபையில் உங்கள் ஏரி பற்றித் தீர்மானம் வந்தால், 'ஆழப்படுத்துதல்' என்ற சொல்லை அடித்துவிட்டு 'மதகின் அடிமட்டம் வரை தூர் வாருதல்' என்று எழுதச் சொல்லுங்கள். 'மண்' என்று பொதுவாக இருந்தால் 'வண்டல்' என்று திருத்தச் சொல்லுங்கள். கரையிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி எடுப்பது, பள்ளமாக இல்லாமல் சரிவாக எடுப்பது ஆகிய இரண்டையும் சேர்க்கச் சொல்லுங்கள். நாளைக்குத் தகராறு என்று வந்தால் கையில் இருக்கப் போவது அந்தக் காகிதம்தான். அதில் உள்ள சொல்தான் உங்களுக்காகப் பேசும்.

வேலை நடக்கும் நாட்களில் மதகடியில் ஒரு கல்லை நட்டு மட்டம் குறித்து வையுங்கள். ஏரியில் மாடு மேய்த்துப் பழகிய பெரியவர் ஒருவரைத் தினமும் கரையில் உட்கார வையுங்கள். பொறியாளரின் மட்டக் கருவியும் வேண்டும், அவருடைய விரலும் வேண்டும்.

கொட்டகைக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள், கூரைக்கு அளவு கேட்கும்போதே பட்டிக்கும் இடம் ஒதுக்குங்கள். கோமியம் எங்கே போய்ச் சேரும் என்று மேஸ்திரியிடம் முதலிலேயே கேளுங்கள். பயிற்சி நடத்தும் வேளாண், கால்நடைத் துறை அலுவலர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: கூட்டத்தில் புதுச் சொல் ஒன்றைச் சொல்வதற்கு முன், அந்த ஊரில் அதற்கு என்ன சொல்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பரண் அப்படித்தான் பரவியது.

எங்கள் ஏரியின் பள்ளங்கள் உடனே தூரப் போவதில்லை. இந்த முறை வண்டல் எடுக்க அனுமதி கேட்டபோது தீர்மானத்தை நாங்களே எழுதினோம். சொல் சொல்லாகப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. அதில் எனக்குக் கிடைத்த மண்ணில் நான்கு நடை இப்போது தொழுவத்தில் கிடக்கிறது. மாடுகள் அதன்மேல் படுத்து அசை போடுகின்றன. ஆடிக்கு முன் அதை வெட்டி வயலுக்குப் போட வேண்டும்.